எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பாடம்: எந்த வழியில் சேர்ந்து படிக்கலாம்?

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு மாமன் வீடோ அம்மாயி வீடோ பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம்தான். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சந்தைக்கும் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறோம். படிப்பு மட்டும் தாண்டுவதில்லை. அங்கே தன் வயதுப் பிள்ளை என்ன படிக்கிறது, எப்போது பரீட்சை எழுதுகிறது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

என் பெரியம்மா மகள் ஆனைமலைப் பக்கம் ஒரு பள்ளியில் இதே எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அக்காவும் நானும் சேர்ந்து இரண்டு வருடமாக எங்கள் இரண்டு வகுப்புகளையும் நெட் வழியாக இணைத்துப் பாடம் நடத்திப் பார்த்தோம். வீடியோ அழைப்பு, சேர்ந்து எழுதும் டாக்குமென்ட், வாய்ஸ் மெசேஜ், இருவரும் நிரப்பும் பொது அட்டவணை என்று நான்கு வழிகளையும் தொட்டாயிற்று. இப்போது வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்தும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள்: ஜூனில் ஆரம்பிக்கிறோம், எதில் இறங்கலாம்? ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் வீடியோ அழைப்பு வேண்டாம். வேலையைப் பொது அட்டவணையில் வையுங்கள், பேச்சை வாய்ஸ் மெசேஜில் வையுங்கள். வீடியோவை ஒரு பருவத்துக்கு இரண்டு முறை, தொடக்கத்திலும் கடைசியிலும் மட்டும் வையுங்கள். டாக்குமென்ட்டை எட்டாம் வகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பது கீழே.

எல்லோரும் முதலில் நினைப்பது வீடியோவைத்தான். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். கருவிக்குக் குறைவில்லை. கேரளத்தில் கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 2018 முதல் நாற்பத்தைந்தாயிரம் வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஹைடெக் லேபும் ஸ்மார்ட் வகுப்பறையும் வந்துகொண்டிருக்கின்றன. ஆக, திரையில் முகம் தெரிவது இன்றைக்குப் பெரிய காரியம் இல்லை. பிரச்சினை கணக்கில் இருக்கிறது. எங்கள் பக்கம் நாற்பது பிள்ளைகள், அவர்கள் பக்கம் நாற்பது. ஒரு பீரியட் நாற்பது நிமிடம். கைகாட்டிச் சிரிக்கும் நேரத்தையும் சவுண்டு சரிசெய்யும் நேரத்தையும் கழிக்காமல் பார்த்தாலும் ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம்தான். நடப்பில் என்ன ஆகிறது என்றால், எப்போதும் பேசுகிற ஏழெட்டுப் பேர் பேசுவார்கள். மீதி எழுபது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிவி பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனாலும் வீடியோவை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் முதல் அழைப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம். அக்கா வகுப்பிலிருந்து ஒரு பையன், "அடுத்து எப்போ பேசலாம், திங்கக்கிழமையா?" என்று கேட்டான். எங்கள் பக்கம் முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து, "திங்கக்கிழமை எங்களுக்கு அவதி" என்றாள். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் அவன் மெதுவாக, "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். மலையாளத்தில் அவதி என்றால் லீவு. எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசும்போதும் அந்தச் சொல்தான் வரும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அவதி என்றால் கஷ்டம். விஷயம் புரிந்ததும் எண்பது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்கு முன்னால் பத்து நிமிடமாக இரண்டு பக்கமும் இருந்த கூச்சம் அதோடு போயிற்று. இது எழுத்திலோ வாய்ஸ் மெசேஜிலோ இப்படி நடந்திருக்காது. முகம் பார்த்துப் பழகுவதற்கு வீடியோ போல வேறொன்று இல்லை. பழகிய பிறகு அதில் பாடம் நடத்தப் பார்ப்பதுதான் வீண்.

வீடியோ வைக்கிற நாளுக்கு ஒரு சின்னக் குறிப்பு: ஜூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று கருவிகள் சேர்ந்தால் இலவசக் கணக்குக்கு ஒரு மணி நேரம்தான். ஒரு வகுப்புக்கு ஒரு லேப்டாப் என்று இரண்டே கருவிகள் என்றால் மீட்டில் அந்தக் கவலை இல்லை. மைக்கைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போக முடியாது என்பதால், பேச வருகிறவர் எழுந்து லேப்டாப் முன் வரும்படி ஒரு ஸ்டூலைப் போட்டு வையுங்கள். பேச வேண்டிய கேள்வியை முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது.

அடுத்தது, சேர்ந்து எழுதும் டாக்குமென்ட். கூகுள் டாக்ஸில் இரு வகுப்பும் ஒரே பக்கத்தில் எழுதுவது. எங்கள் மாவட்டப் பயிற்சிகளில் இதைப் பற்றி நல்ல விதமாகச் சொன்னார்கள், ஆசையோடு இறங்கினோம். "எங்கள் ஊர்த் தண்ணீர்" என்று தலைப்பு. முதல் நாளே ஒரு பிள்ளை மொத்தத்தையும் தெரிந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்ட, இரண்டு வகுப்பும் எழுதியது கண்ணெதிரே மறைந்தது. பழைய பதிப்பை மீட்கும் வசதி அதில் உண்டு, மீட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு வாரம் கீபோர்டைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் பட்டது.

அதைவிட ஆழமான சிக்கல் தட்டச்சு. எட்டாம் வகுப்புப் பிள்ளை தமிழில் ஒரு வரி தட்ட இரண்டு நிமிடம் எடுக்கிறது. யோசனை ஓடிவிடுகிறது, விரல் பின்னால் நிற்கிறது. கடைசியில் இரண்டு பக்கமும் பாடப் புத்தகப் பத்தியை அப்படியே தட்டி வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சலுகை இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இங்கே ஐடி வகுப்பில் மலையாளத்துக்கு இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு சொல்லித் தருகிறார்கள். இன்ஸ்கிரிப்ட்டில் எல்லா இந்திய மொழிக்கும் க ஒரே விசைதான், ம ஒரே விசைதான். மலையாளத்தில் தட்டப் பழகிய பிள்ளை மொழியை மட்டும் மாற்றிவிட்டால் தமிழும் தட்டும். இதை ஒரு பையன் தானாகக் கண்டுபிடித்து எனக்கே காட்டினான். ஆனைமலைப் பக்கம் பிள்ளைகள் போனில் பார்த்த கீபோர்டோடு மட்டும் வந்தார்கள், தடுமாறினார்கள். சமமாக இல்லாத இடத்தில் சேர்ந்து எழுதச் சொல்வது நியாயம் இல்லை.

கணக்குத் தொடங்குவதிலும் சிக்கல். 13 வயது நிறையாத பிள்ளை பெற்றோர் மேற்பார்வை இல்லாமல் சொந்தமாக கூகுள் கணக்குத் தொடங்க முடியாது. எட்டாம் வகுப்பில் பன்னிரண்டும் இருக்கும், பதின்மூன்றும் இருக்கும். எல்லோரும் ஆசிரியர் கணக்கிலேயே எழுதினால் யார் என்ன எழுதினார்கள் என்றே தெரியாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பு எடுப்பவர்கள் டாக்ஸை எடுங்கள், நல்ல கருவிதான். எட்டுக்கு வேண்டாம். ஆசை இருந்தால் டாக்ஸுக்குப் பதில் ஸ்லைடு வையுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு ஸ்லைடு என்று பிரித்துவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர் தெரியாமல் அழிப்பது பெருமளவு குறையும்.

வாய்ஸ் மெசேஜை நாங்கள் வேறு வழியில்லாமல்தான் எடுத்தோம். மழைக்காலத்தில் ஒரு வாரம் நெட் வருவதும் போவதுமாக இருந்தது. வீடியோவுக்கு வழியில்லை. சரி, பிள்ளைகள் சொல்ல வேண்டியதை ஒரு நிமிடத்தில் சொல்லி என் போனிலிருந்து அக்கா போனுக்கு அனுப்பலாம் என்று செய்தோம். அந்த வாரத்தில் பேசிய பிள்ளைகள் அதுவரை நான் குரலே கேட்டறியாத பிள்ளைகள்.

எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன். மூன்று பேருக்கு ஒரு குழு. சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வராந்தாவுக்கு ஒரு குழு வரும். மூவரும் ஆளுக்கு இருபது நொடி. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். இந்த மறுபடி பேசலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் ஐந்து முறை அழித்துப் பேசினாள். ஐந்தாவது முறை அவள் சொன்னது முதல் முறை சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது. வீடியோவில் அவளுக்கு அந்த ஐந்து வாய்ப்பும் கிடைத்திருக்காது. மறுநாள் பதில் வந்ததும் வகுப்பில் ஸ்பீக்கரில் போடுவோம். இரண்டு முறை, மூன்று முறை கேட்போம். சிக்னல் போனாலும் மெசேஜ் தங்கி, வருகிற நேரத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் தமிழைப் பற்றி ஒரு தாழ்வு உண்டு. "நம்ம தமிழ் சரியில்ல டீச்சர், மலையாளம் கலந்தது" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். இரண்டு மொழியும் இரண்டு எழுத்தும் தெரிந்த பிள்ளை, தெரிந்ததற்காக வெட்கப்படுகிறது. வாய்ஸ் மெசேஜில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அது கொஞ்சம் தணிந்தது. அவர்களும் "வந்துட்டு", "அங்க பாருங்க" என்றுதானே பேசுகிறார்கள். போன வருடம் ஒரு மெசேஜில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன், "நீங்க புழைன்னு சொல்றீங்களே, அதை மலையாளத்துல எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டான். புழை என்றால் மலையாளத்தில் ஆறு. எங்கள் பக்கம் பெரிய அட்டையில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினார்கள். ழ இரண்டு மொழிக்கும் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள்.

வாய்ஸ் மெசேஜின் குறை, அது தங்காது. இரண்டு வாரம் கழித்து "அன்னிக்கு என்ன அளவு சொன்னாங்க" என்று தேடினால் கிடைக்காது. அத்தோடு ஆசிரியர்தான் தபால்காரர். இரண்டு பக்கமும் சேர்த்து வாரம் முப்பது மெசேஜுக்குக் குறையாமல் வரும், அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். அரை மணி நேரம் அதற்கே ஒதுக்க வேண்டும். அதைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை வாட்ஸ்அப் க்ரூப்பில் சேர்க்கவே வேண்டாம். க்ரூப்பில் சேர்ந்தால் ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரியும். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே எடுத்துக்கொள்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. ஹெச்.எம்.மிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பிடிஏ கூட்டத்தில் சொல்லி, பெற்றோர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஆசிரியர் போனிலிருந்து ஆசிரியர் போனுக்கு மட்டும் அனுப்புங்கள். முழுப் பெயர், முகம் தெரியும் படம் எதுவும் போக வேண்டாம். குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைத்தோம், பிள்ளைகளுக்கு அது பிடித்தும் இருக்கிறது.

இனி அட்டவணை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

எங்கள் ஊரில் ஓடுவது சித்தூர்ப்புழை. அது மேலே ஆனைமலைப் பக்கம் ஆழியாறாக வருகிறது. ஒரே தண்ணீர், எல்லையைத் தாண்டும்போது பெயர் மாறுகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி, அதாவது 725 கோடி கன அடி தண்ணீர் வர வேண்டும். ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து அப்பாக்களும் அதே ஆற்றை நம்பித்தான் இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடங்களில் இரண்டு பக்கமும் பெரியவர்கள் ஒருவரையொருவர் குறை சொல்வதைப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள். அந்த ஆற்றையே பாடமாக எடுத்தோம்.

கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள். தேதி, அவர்கள் பள்ளி மழை, எங்கள் பள்ளி மழை, ஆழியாறு அணை நீர்மட்டம், எங்கள் படித்துறையில் வெளியே தெரியும் படிகள். ஐந்தே பத்திகள். மழைமானி இரண்டு லிட்டர் பாட்டில். மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல வைத்து, அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியக் கோடு. பாட்டிலின் பக்கச் சுவர் நேராக இருந்தால் ஸ்கேலில் படிப்பதே மில்லிமீட்டர் கணக்கு. இந்திய வானிலைத் துறை காலை 8.30-க்கு அளவெடுக்கிறது, நாங்களும் 8.30. இரண்டு பள்ளியும் தொடங்கும் நேரம் வேறு வேறு என்பதால் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு அந்தப் பொறுப்பு. அணை நீர்மட்டம் பேப்பரில் வருகிறது, அது ஆனைமலைப் பிள்ளைகள் வேலை. ஆழியாறு அணையின் முழு உயரம் 120 அடி என்பதை இப்போது என் வகுப்பில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அக்டோபரில் ஒரு நாள் எங்கள் பத்தியில் 19 என்று எழுதினோம். அவர்கள் பத்தியில் 2.2. "நமக்கு ஒம்போது மடங்கு மழை டீச்சர்!" என்று ஒரே சந்தோஷம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க அம்மாயி நேத்து ராத்திரி போன்ல, அங்க ஓடு பிச்சுக்கிட்டுப் போற அளவுக்கு மழைன்னு சொன்னாங்க டீச்சர்" என்றாள். அவளையே மெசேஜ் பேசச் சொன்னேன். "நீங்க சென்டிமீட்டர்ல எழுதினீங்களா? எங்க அம்மாயி ஊர்ல நெறைய மழைன்னு சொன்னாங்க, அதான் கேக்கறேன்." மறுநாள் பதில்: "ஆமாங்க, சென்டிமீட்டர்தானுங்க. இருபத்திரெண்டுன்னு மாத்திட்டோம்." அளவீடும் அலகும் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு மெசேஜில் படிந்தது போல எப்போதும் படிந்ததில்லை. அதன் பிறகு யாரும் அலகு எழுதாமல் எண்ணை எழுதியதில்லை.

அதைவிட முக்கியமானது நவம்பரில் நடந்தது. இரண்டு மழைப் பத்தியிலும் நான்கு நாளாகச் சுழியம். படித்துறையில் ஏழு படி தெரிந்த இடத்தில் ஒரு நாள் காலை நான்குதான் தெரிந்தது. மழையே இல்லாமல் தண்ணீர் ஏறியிருக்கிறது. எப்படி? என் வகுப்பு முழுவதும் யோசித்தது. மலையில் பெய்திருக்கும் என்றான் ஒருவன். எண்ணியவன் தப்பாக எண்ணியிருப்பான் என்றாள் ஒருத்தி, அவன் அழாத குறை. மறுநாள் அக்காவின் வகுப்பு ஒரு பேப்பர் செய்தியைப் படம் எடுத்து அனுப்பியது. அணையிலிருந்து தண்ணீர் திறந்திருக்கிறார்கள். அட்டவணையில் பார்த்தால் அணை நீர்மட்டமும் அதே வாரம் இறங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வருவதற்கு மழை மட்டும் காரணம் இல்லை, திறப்பதும் பங்கிடுவதும் காரணம் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அந்த விடை எங்கள் வகுப்பில் யாரிடமும் இருக்கவில்லை. கேள்வி அவர்கள் வகுப்பில் யாருக்கும் வந்திருக்காது. படித்துறை எங்களிடம், அணைச் செய்தி அவர்களிடம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: எதிர்ப்பக்க வகுப்பு இல்லாமல் இந்த வேலையை என் வகுப்பு தனியாக முடிக்க முடியுமா? முடியும் என்றால் இணைப்பது சும்மா அலங்காரம். "எங்கள் ஊர்த் தண்ணீர்" கட்டுரையை ஒவ்வொரு வகுப்பும் தனியாகவே எழுதியிருக்கலாம். அதனால்தான் அது புத்தகத்தைப் பார்த்து எழுதியதாகப் போயிற்று. அட்டவணை அப்படி இல்லை. 1971-இல் அமெரிக்காவில் எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் பள்ளிகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்த நேரம், ஒருவரையொருவர் பிடிக்காத நேரம். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டைக் கொடுத்தார். மற்றவர் துண்டைக் கேட்காமல் யாரும் பாடத்தை முழுதாகப் படிக்க முடியாது. ஜிக்சா வகுப்பறை என்று அதற்குப் பெயர். எங்கள் ஆற்றில் அந்தத் துண்டுகளை யாரும் வெட்டித் தர வேண்டியதில்லை, எல்லைக்கோடு ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறது.

ஷீட்ஸில் நிரப்ப ஒரு நாளைக்கு ஒருவர் ஓர் எண்ணைத் தட்டினால் போதும். தமிழ்த் தட்டச்சுத் தகராறு இல்லை, ஆசிரியர் கணக்கு ஒன்று போதும், சிக்னல் மோசமாக இருந்தாலும் நோட்டில் எழுதி வைத்து மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன வாய்ஸ் மெசேஜின் குறையையும் இது தீர்க்கிறது. எண் தாளில் தங்கும், அதைப் பற்றிய பேச்சு குரலில் போகும். இரண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்கிறேன், தனித்தனியாக இரண்டுமே பாதி.

ஆறு இல்லாத ஊர்க்காரர்கள் கொன்றை மரத்தை எடுக்கலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிகள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரத்துக்கு ஒரு முறை இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவது. விஷுவுக்கும் சித்திரை ஒன்றுக்கும் பூக்க வேண்டிய கொன்றை இப்போது ஜனவரி, பிப்ரவரியிலேயே பூத்து நிற்பதை நாம் பார்க்கிறோம். எல்லைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்து மரம் எடுத்து, எந்த வாரம் எங்கே முதல் பூ என்று எழுதினால் போதும்.

ஏற்கெனவே இருக்கும் பெரிய வலையமைப்புகளில் சேரலாமா என்றும் கேட்கிறார்கள். ஐஎர்ன் என்ற அமைப்பு 1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கி இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2005 முதல் இ-ட்வின்னிங் நடக்கிறது. நல்லவைதான். ஆனால் வெளிநாட்டு வகுப்போடு சேரும்போது மொழி ஆங்கிலமாகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே பேசுவதே பாடமாகிப் போகும், அறிவியல் பின்னால் போகும். எனக்கு மிகவும் பயன்பட்ட முன்னுதாரணம் அயர்லாந்துடையது. வட அயர்லாந்துப் பள்ளிகளையும் எல்லைக்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசின் பள்ளிகளையும் 1999 முதல் 2014 வரை ஒரு திட்டம் கம்ப்யூட்டர் வழியாக இணைத்தது. அவர்களும் வீடியோவையும், நேரம் பார்க்காமல் பதில் எழுதும் இணையப் பக்கத்தையும் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் முதலில் நேரில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவும் நானும் சொந்தம் என்பதால் எங்களுக்கு அது எளிதாக நடந்தது. முன்பின் தெரியாத ஆசிரியரோடு இணைகிறீர்கள் என்றால் மே மாதத்தில் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் நேரில் பேசிவிட்டு வாருங்கள். போனில் பேசி ஆரம்பித்த ஓர் இணைப்பு எனக்குத் தெரிய மூன்றாவது வாரத்தில் நின்றது, அவர் இவர் அனுப்புவார் என்று காத்திருந்தார், இவர் அவர் அனுப்புவார் என்று.

நாட்காட்டியைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். இங்கே ஓணத்துக்கு முன் பரீட்சை, ஓணத்துக்குப் பத்து நாள் லீவு. அங்கே செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில் இரண்டு பக்கமும் பரீட்சை, ஜனவரியில் அங்கே பொங்கல் லீவு. எல்லாவற்றையும் கழித்தால் தடையில்லாமல் கிடைப்பது இரண்டு காலம்: ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். முதல் காலத்தில் தென்மேற்குப் பருவமழை, இரண்டாவதில் வடகிழக்கு. கேரளத்தின் மற்ற இடங்கள் நனையும்போது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில் நமக்கு ஏன் குறைவாகப் பெய்கிறது என்ற கேள்வியைப் பிள்ளைகள் இந்த இரண்டு காலத்து எண்களை வைத்தே கேட்கலாம். எட்டு வாரத்துக்கு மேல் ஒரு சுற்றை இழுக்க வேண்டாம்.

உங்கள் பள்ளியில் நெட் நன்றாக இருந்து, லேபும் இருந்து, உங்களுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் மேலே சொன்னபடி அட்டவணையும் வாய்ஸ் மெசேஜும் சேர்த்தே தொடங்குங்கள். உங்களிடம் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது, நேரமும் இல்லை என்றால் அட்டவணையை மட்டும் எடுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரத்து எண்களை இரு பக்கமும் படம் எடுத்து அனுப்பினாலே போதும், மற்றது அடுத்த வருடம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வாய்ஸ் மெசேஜை மட்டும் எடுங்கள். அந்த வயதில் எண்ணைவிடக் குரல்தான் பிடிக்கும்.

நாங்கள் இந்த வருடம் அட்டவணையில் ஒரு பத்தி கூட்டுகிறோம்: கிணற்று நீர்மட்டம். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கல்லைக் கட்டி இறக்கி, வீட்டுப் பெரியவர் கூட நிற்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அளப்பது. அக்கா பக்கம் எட்டுக் கிணறு, எங்கள் பக்கம் ஆறு. எங்களுடைய ஆறில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் இன்னும் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.